74 ஒட்டகம் இருந்தும் கடன் ஏன்? மந்தை பார்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஜெய்சல்மர்_செந்தில் | 4 நவம்பர் 2023

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். மூணு வருஷமா ஜெய்சல்மர் மாவட்டத்தில் ஒரு சோலார் சைட்டில் எலக்ட்ரிகல் வேலை. சைட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில் பத்துப் பன்னிரண்டு வீடு உள்ள ஒரு டாணி. அங்கே ராய்க்கா சமூகத்துப் பெரியவர் ஒருத்தர், தலைமுறை தலைமுறையா ஒட்டகம்தான் தொழில். அவர் மகன் எங்க சைட்டில் செக்யூரிட்டி, அப்படிப் பழக்கம்.

பெரியவரிடம் 74 உருப்படி. எங்க ஊரில் 74 எருமை இருந்தா ஆளே வேற. இவர் என்னடான்னா போன மாசம் பேத்தி கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கினார். பால் வீட்டு டீக்குப் போக நாளைக்குப் பத்து லிட்டர்கூடத் தேறலை. நானும் அவருமா உட்கார்ந்து எண்ணினது இது: ஈனுற வயசுப் பெட்டை 41, பொலி ஆண் 2, சும்மா நிக்கிற வளர்ந்த ஆண் 13, நாலு வயசுக்குக் கீழே 18. போன குளிர்காலத்தில் பிறந்தது 15, அதில் செத்தது 6.

என் கேள்வி ஒண்ணுதான்: என்ன தீவனம் போட்டா பால் ஏறும்? கடலைப் பிண்ணாக்கு வாங்கித் தரலாம்னு நினைச்சேன்.

எக்செல்_ஏகாம்பரம் | 4 நவம்பர்

என்கிட்ட 22 எச்எஃப் மாடு இருக்குதுங்க, ஈரோட்டுப் பக்கம். சராசரி நாளைக்கு 14 லிட்டர். 74 உருப்படியில் 10 லிட்டர்னா அது பண்ணை இல்லீங்க, பொழுதுபோக்கு. அறுபதை வித்துப்போட்டு நல்ல கறவையாப் பதினஞ்சை வெச்சுக் கட்டுத்தறியில் அடர்தீவனம் போடச் சொல்லுங்க. கணக்குன்னா கணக்குத்தான்.

வளர்மதி_கால்நடை | 5 நவம்பர்

ஏகாம்பரம் அண்ணே, மாட்டுக் கணக்கை அப்படியே தூக்கி ஒட்டகத்து மேலே வைக்கிறீங்க, விழுந்துடும்.

நான் கால்நடை மருத்துவம் முடிச்சுட்டு மேற்படிப்புக்காகக் கொஞ்ச காலம் பீகானீரில் இருந்தேன். 1984இல் தொடங்கின தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கு. சொல்றதைப் பொறுமையாப் படிங்க.

ஒட்டகத்தின் சினைக்காலம் ஏறத்தாழ 13 மாசம். பருவத்துக்கு வர்றது குளிர்காலத்தில் மட்டும். பெட்டைக்குத் தானா முட்டை வெளிவராது, ஆண் சேர்ந்த பிறகுதான் வெளிவரும். அதனால் ஒரு குளிர்காலம் தவறினா அடுத்ததுக்குத்தான். ஈன்ற பெட்டை கன்றுக்குப் பால் கொடுத்துட்டு மறுபடி சினை பிடிச்சு ஈன இரண்டு வருஷம் ஆகும், கிடேரி முதல் கன்று போட அஞ்சு வயசு ஆகும். ஆக, ஒரு பெட்டை ஆயுளில் ஏழெட்டுக் கன்று தந்தாலே பெரிசு. இரட்டைக் கன்று நடைமுறையில் கிடையாது.

இப்போ உங்க எண்ணிக்கை. 41 பெட்டைன்னா ஒரு வருஷத்தில் அதிகபட்சம் இருபது ஈனலாம். 15 ஈன்றது மோசமில்லை, ஆனா மிச்ச அஞ்சு எங்கே போச்சுன்னு கேட்கணும். பெரிய ஓட்டை அந்த ஆறில்தான். 15இல் 6 போச்சு. மிச்சம் 9, அதில் பாதி ஆண். ஆக 41 தாய்க்கு ஒரு வருஷத்தில் நாலஞ்சு பெட்டைக் கன்று. கிழடு தட்டி விழுறதை ஈடுகட்டவே இது பத்தாது. மந்தை வெளியில் பெரிசாத் தெரியும், உள்ளே கரையுது.

இன்னொண்ணு: கன்று செத்தா ஒட்டகம் பாலை நிறுத்திடும். ஊசி போட்டுக் கறக்குற பழக்கத்தை இங்கே கொண்டுவராதீங்க. கன்று ஊட்டினாத்தான் சுரப்பு விடும், அதுவும் ஒண்ணரை நிமிஷமோ இரண்டு நிமிஷமோ. அதுக்குள்ளே கறந்தாகணும். ஆறு கன்று செத்ததுன்னா ஆறு மடி வத்திப்போச்சுன்னு அர்த்தம். பிண்ணாக்கு அப்புறம், முதல்ல இதைப் பாருங்க.

பெரியவர்கிட்ட இதையெல்லாம் கேட்டு எழுதுங்க: சீம்பால் கன்றுக்கு ஊட்டுறாங்களா? உப்பு எப்படிக் கொடுக்குறார்? மழைக்குப் பிறகு எதுக்காவது விட்டு விட்டுக் காய்ச்சல், திமில் வத்துறது, சினை கலையுறது உண்டா? அந்த இரண்டு பொலி ஆணும் எத்தனை வருஷமா இருக்கு?

பரமக்குடி_பாய் | 5 நவம்பர்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சவூதியில 11 வருசம் ஒட்டகத்தோட கெடந்தவன். மஜாஹீம்னு கருப்பு ஒட்டகம், பாலுக்குன்னே வச்சிருப்பாங்க. எங்க கஃபீல் (முதலாளி) மஸ்ராவுல, அதான் பண்ணையில, 60 உருப்படி. தீனி பர்சீம், வாற்கோதுமை, எல்லாம் லாரில வந்து எறங்கும். கறந்தா ஒண்ணு ஒண்ணும் எட்டு லிட்டர் பத்து லிட்டர் குடுக்கும். தம்பி, அதப் பாத்துட்டு இங்க கணக்குப் போடாதீங்க. அது பாலை வித்து வாங்குன தீனி இல்ல, எண்ணெய்க் காசுல வந்த தீனி. அவங்களுக்கு ஒட்டகம் கவுரவம். 2018ல அழகுப் போட்டிக்கு ஒதட்டுல ஊசி போட்டுக் கொண்டாந்த பன்னெண்டு ஒட்டகத்த வெளிய அனுப்புனாங்க, அந்த ஊரு அது.

டாக்டரம்மா சொன்னது நூத்துக்கு நூறு. ஒரு பெட்டைக்குக் கன்னு செத்துப்போச்சு. எங்களோட இருந்த சூடானிக்காரர் அந்தத் தோலை உரிச்சு, காய வச்சு, வேற ஒரு கன்னு மேல போத்தி விட்டாரு. தாய் மோந்து பாத்துச்சு. ரெண்டு நாள் ஏமாத்தம் காட்டிச்சு, மூணாம் நாள் மடி விட்டுச்சு. அதுல இருந்து ஒரு வருசம் கறந்தோம். அந்த மனுசன் பள்ளிக்கூடம் பக்கம் போனதில்ல.

பச்சைப் பால் குடிக்காதீங்க. அங்க ஒட்டகத்துக்கிட்ட இருந்து மனுசனுக்குத் தொத்துற மெர்ஸ் காய்ச்சல் வந்தப்புறம்தான் நாங்களும் காய்ச்ச ஆரம்பிச்சோம்.

ஜெய்சல்மர்_செந்தில் | 9 நவம்பர்

கேட்டுட்டு வந்தேன். ஒரு முழு சாயங்காலம் ஆச்சு, நாலு டம்ளர் ஒட்டகப்பால் டீயும் ஆச்சு. (லேசா உப்புக் கரிக்கும், பழகிட்டா நல்லா இருக்கு.)

சீம்பால்: முதல் நாள் பாலை மண்ணில் பீச்சி விட்டுடுவாங்களாம். கெட்டியா இருக்கு, கன்றுக்குக் கழிச்சல் வரும்னு.

உப்பு: கையில் காசு இருந்தா. முன்னாடி லாணான்னு ஒரு உவர்ச்செடி இருக்கிற பக்கம் ஓட்டிட்டுப் போவாராம். இப்போ அந்தப் பக்கம் வேலி.

காய்ச்சல்: இதைக் கேட்டதும் முகம் மாறிடுச்சு. "திபர்சா"ன்னார். வந்தா மூணு வருஷம் இழுத்துக்கிட்டே போகுமாம், அதான் பேரு. ஒட்டகம் மூத்திரம் விட்ட மணலை உருட்டி எடுத்து மோந்து பார்ப்பார், அந்த வாடை தெரிஞ்சா திபர்சாதான்னு முடிவு. என்கிட்டயும் நீட்டினார், எனக்கு எல்லாம் ஒரே வாடைதான். போன வருஷம் நாலு பெட்டைக்குச் சினை கலைஞ்சிருக்கு.

பொலி ஆண்: ஒண்ணுக்கு ஒன்பது வருஷம், இன்னொண்ணு அதோட மகன்.

வளர்மதி_கால்நடை | 9 நவம்பர்

நாலு பெட்டைக்குச் சினை கலைஞ்சதா? காணாமல் போன அஞ்சில் நாலு கிடைச்சாச்சு.

திபர்சாதான் நாங்க சர்ரான்னு படிக்கிறது. ரத்தத்தில் வாழுற ஒரு ஒட்டுண்ணி. கிரிஃபித் எவான்ஸ் 1880இல் தேரா இஸ்மாயில் கான் (இப்போ பாகிஸ்தான்) பக்கம் குதிரை, ஒட்டக ரத்தத்தில் இதைக் கண்டுபிடிச்சார், அவர் பேராலதான் அந்த ஒட்டுண்ணியை இன்னும் டிரிப்பனோசோமா எவான்சின்னு கூப்பிடுறோம். பெரிய கடிஈக்கள் ஒண்ணைக் கடிச்சுட்டு அடுத்ததைக் கடிக்கும்போது பரவும். அதனால்தான் மழை முடிஞ்ச கையோட வரும். இந்திரா காந்தி கால்வாய் வந்த பிறகு தண்ணி நிக்கிற இடம் கூடிப்போச்சு, ஈயும் கூடிப்போச்சு. கால்வாய்ப் பாசனப் பக்கம் மேய விடுறதைச் செப்டம்பர், அக்டோபரில் தவிர்க்கச் சொல்லுங்க. மணலை மோந்து பார்க்கிறதைக் கேலி பண்ணாதீங்க. ஆய்வுக்கூடம் 100 கிலோமீட்டரில் இருக்கிற இடத்தில் முதல் சந்தேகத்தை எழுப்ப அது உதவும். உறுதி பண்ண ரத்தம் எடுக்கணும்.

மருந்து விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. மாட்டுக்கு ரத்த ஒட்டுண்ணின்னா சகஜமாப் போடுற டிமினசின் ஊசி ஒட்டகத்துக்கு ஆகாது. அளவு கொஞ்சம் மீறினாலே உயிர்போகும். ஒட்டகத்துக்குக் குயினாபிரமின்னு வேற மருந்து இருக்கு. அடுத்தது, குத்துமதிப்பா அளவு போடுறது. ஒட்டகத்தின் எடையைக் குறைச்சு மதிப்பிட்டு அரைகுறையாப் போட்டா ஒட்டுண்ணி சாகாது, மருந்துக்குப் பழகிக்கும். எடைமேடை வேண்டாம், அளவு நாடா போதும்: தோள் உயரம், நெஞ்சுத் திண்டுக்குப் பின்னால் மார்புச் சுற்று, திமிலோட சேர்த்து வயிற்றுச் சுற்று, மூணையும் மீட்டரில் எடுத்துப் பெருக்கி 50ஆல் பெருக்குங்க. 1.9 × 2.0 × 2.4 × 50 = 456 கிலோ. கிட்டத்தட்ட சரியா வரும்.

அப்பனும் மகனும் பொலிக்கு நிக்கிறது பெரிய தப்பு. அந்த ஒன்பது வருஷத்துப் பெட்டைகள் எல்லாம் யார் மகள்? நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆணை மாத்துறது ராய்க்காக்களோட பழைய வழக்கமே. அவருக்குத் தெரியாம இருக்காது. ஏன் விட்டார்னு கேளுங்க.

சீம்பால்: ஒட்டகத்தில் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே கன்றுக்குப் போகாது. பிறந்த முதல் சில மணி நேரத்தில் குடிக்கிற சீம்பால்தான் அதுக்கு எல்லாம். ரொம்பக் குடிச்சா இளகிப் போகும்னு பயந்தா அளவாக் குடுக்கட்டும், ஆனா மண்ணில் பீச்ச வேண்டாம்.

வன்னிவாசி | 11 நவம்பர்

நான் வன்னியில இருந்து வந்து இப்ப கென்யாவில மார்சபிட் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில வேலை செய்யிறன். செந்தில், உங்கட ஊர் பெரியவர் மேய்க்கிற கேஜ்ரி மரம் எங்கட வன்னி மரந்தான் எண்டு தெரியுமோ? உகாயும் அங்க இருக்கு, ஜால் எண்டு சொல்லுவினம்.

இஞ்ச கப்ரா ஆக்கள், பொரானா ஆக்கள் மந்தையை ரெண்டாப் பிரிப்பினம். கறக்கிற பெட்டையும் கன்றும் வீட்டோட நிக்கும், அது வர்ரா. சினை, கிடேரி, ஆண் எல்லாம் இளந்தாரிப் பெடியளோட தூரப் போயிடும், அது ஃபோரா. ஏன் எண்டு கேட்டால், வீட்டைச் சுத்தி இருக்கிற மரத்தைப் பால் குடுக்காத உருப்படி திண்டு முடிக்கக் கூடாது. மாட்டுக்கு ரெண்டு மூண்டு நாளுக்கு ஒருக்காத் தண்ணி காட்ட வேணும். ஒட்டகம் கோடையிலும் பத்து நாள் தாங்கும், அதால கிணத்தில இருந்து கனதூரம் போய் மேயலாம். மனுசர் "தண்ணி இல்லாமல் இருக்கும்" எண்டு மட்டும் சொல்லுவினம். அதால போகக்கூடிய தூரந்தான் உண்மையான ஆதாயம். கட்டி வைச்சால் அந்த ஆதாயம் முழுக்கப் போச்சு. உப்புக்கும் நடைதான், சல்பி உவர்நிலத்துக்குக் கொண்டுபோவினம்.

இன்னொண்டு: நாலு காம்பில ரெண்டு வீட்டுக்கு, ரெண்டு கன்றுக்கு. மற்ற ரெண்டையும் கட்டி வைச்சிடுவினம். பஞ்சம் வந்தால் மூண்டாவதையும் கறக்கிற வீடு இருக்கு. அந்த வருசம் கன்று சாகும்.

2009 வறட்சியில இஞ்ச மாடு கும்பலாச் செத்தது. அதுக்குப் பிறகு மாடு மட்டும் வைச்சிருந்த சம்புரு ஆக்கள் கனபேர் ஒட்டகத்துக்கு மாறினவை. இசியோலோவில பெண்கள் பால் சேர்த்து இரவு பஸ்ஸில நைரோபிக்கு ஏத்துவினம். பால் எல்லாம் மஞ்சள் எண்ணெய்க் கானிலதான் போகும்.

எக்செல்_ஏகாம்பரம் | 11 நவம்பர்

அல்லாம் சரிங்க, ஒத்துக்கறேன், கட்டுத்தறிப் பேச்சை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா அந்த 13 ஆணு? அது நின்னு தின்னுட்டுத்தானே இருக்குது? எங்கூர்ல காளைக்கன்னு எத்தனை நாளு நிக்குமுன்னு உங்களுக்கே தெரியும். 41 பெட்டைக்கு ஒரு ஆணு போதும், காப்புக்கு இன்னொண்ணு.

ஜெய்சல்மர்_செந்தில் | 12 நவம்பர்

அங்கேதான் முட்டி நிக்குது அண்ணே. முன்னாடி இளம் ஆணைக் கார்த்திகை மாசம் புஷ்கர் சந்தைக்கு ஓட்டினா, வண்டி இழுக்க, உழ, ராணுவம், எல்லைப் பாதுகாப்புப் படைன்னு வாங்க ஆள் உண்டு. இப்போ வண்டிக்குப் பதில் டிராக்டர். 2014இல் ஒட்டகத்தை மாநில விலங்காக்கினாங்க. 2015இல் சட்டம் வந்துச்சு: வெட்டக் கூடாது, ராஜஸ்தானை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதி வேணும். காப்பாத்தணும்னு போட்ட சட்டம்தான், ஆனா வாங்குறவன் சந்தைக்கே வரலை. பெரியவர் வார்த்தை: "ஆணுக்கு விலை போச்சு, பெட்டைக்கு மரியாதை போச்சு." பொலி ஆணை மாத்தாததுக்கும் இதுதான் காரணம். மாத்திக்க முன்னாடி சுத்துவட்டாரத்தில் ஆறு மந்தை இருந்துச்சாம், இப்போ ஒண்ணு.

வளர்மதி_கால்நடை | 12 நவம்பர்

கணக்கெடுப்பும் அதையேதான் சொல்லுது. நாட்டில் 2012இல் 4 லட்சம், 2019இல் இரண்டரை லட்சம். ராஜஸ்தானில் மட்டும் ஏழு வருஷத்தில் லட்சத்துக்கு மேலே காணோம். சட்டம் மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன், அதுக்கு முன்னாடியே இறங்குமுகம்தான். ஆனா ஆணை விற்க முடியாத மந்தைக்குப் பால் ஒண்ணுதான் வருமானம். ராய்க்காக்கள் பாலை விற்கிறதையே பாவம்னு நினைச்சவங்க. பெரியவர் விற்பாரா?

கட்ச் பக்கம் பாருங்க. சர்ஹத் பால்பண்ணை மூலமா ஒட்டகப்பால் சேகரிச்சு, 2019 ஜனவரியில் அமுல் பாட்டிலில் வந்துச்சு. அங்கேயும் முதல் சிக்கல் குளிரூட்டும் நிலையம்தான். மந்தை நகர்ந்துகிட்டே இருக்கும், நிலையம் நகராது. இன்னொண்ணு, இந்தப் பால் லேசில் தயிராகாது, பாலாடைக்கட்டியும் சிரமம். மிஞ்சினதை நெய்யாக்கி வெச்சுக்கிற வழி சரிப்படாது. அன்னன்னிக்கு விற்கணும்.

புதுசு_ராம்நாடு | 13 நவம்பர்

அட்மின் மன்னிக்கவும். எங்க ராமநாதபுரம் மாவட்டம் பூரா சீமைக் கருவேலம். ஒட்டகம் விட்டா தின்னு தீர்த்துடுமா? நாலு வாங்கலாம்னு இருக்கேன்.

பரமக்குடி_பாய் | 13 நவம்பர்

தம்பி, நானும் அந்த ஊருதான். வேணாம். கடக்காத்து ஈரத்துல சொறி புடிச்சா தார்மிராக் கடுகெண்ணெயும் பத்தாது, ஊசியும் பத்தாது. காயை வேணா திங்கும், வெதையை ஊரெல்லாம் போட்டு வைக்கும். உங்க சீமைக் கருவேலம் ரெட்டிப்பாகும்.

எக்செல்_ஏகாம்பரம் | 14 நவம்பர்

செந்திலு, ஒண்ணு கேக்கோணும். உப்புச் செடிப் பக்கம் "இப்போ வேலி"ன்னீங்களே. யார் வேலிங்க அது?

ஜெய்சல்மர்_செந்தில் | 14 நவம்பர்

எதிர்பார்த்தேன் இந்தக் கேள்வியை.

எங்க சைட் வேலி இல்லை, பக்கத்து சைட். ஆனா வித்தியாசம் என்ன இருக்கு. இங்கே ஓரண்னு சொல்வாங்க, நம்ம ஊர் கோயில்காடு மாதிரி. சாமி பேரில் விட்ட மேய்ச்சல் காடு, கிளை ஒடிக்க மாட்டாங்க. ரெவின்யூ பதிவில் பல ஓரணுக்கு அரசுத் தரிசுன்னுதான் பேரு. தரிசுன்னா ஒதுக்கலாம். ஒதுக்கினா வேலி. என் சம்பளம் அதிலிருந்துதான் வருது, மறைக்க என்ன இருக்கு. பெரியவர் இதை என் முன்னாடி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மகன்தான் சொன்னான்.

மட்டுறுத்துநர் | 15 நவம்பர்

சோலார் அரசியல் பற்றி வந்த மூன்று பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. அதற்குத் தனி இழை திறக்கவும். இங்கே மந்தை மட்டும்.

வன்னிவாசி | 15 நவம்பர்

மேய்ச்சல் நிலத்தைக் கழிச்சுப்போட்டு மந்தையைப் பற்றி எப்பிடிக் கதைக்கிறது எண்டு மட்டுறுத்துநர் சொல்ல வேணும். சரி, விடுவம்.

வளர்மதி_கால்நடை | 16 நவம்பர்

இருக்கிற நிலைமையில் இந்தக் குளிர்காலத்துக்குச் செய்யக்கூடியது இவ்வளவுதான், செந்தில். ஈனப்போகிற பெட்டைகளை மட்டும் பிரிச்சு டாணிக்குப் பக்கத்தில் நிறுத்தட்டும். உங்க பிண்ணாக்குக் காசை அதுங்களுக்கு மட்டும் கொத்தவரைப் பொட்டு, நரிப்பயறுக் கொடி, உப்பு வாங்கச் செலவு பண்ணுங்க, 74க்கும் பிரிச்சா ஆளுக்கொரு வாய்தான். கன்றுக்கு ராத்திரிப் பனிக்கு மறைப்பு. சீம்பால். இரண்டு காம்பு கன்றுக்கு. திபர்சா சந்தேகம் உள்ளதுக்கு ரத்தப் பரிசோதனை. ஒரு ஆணையாவது வெளி மந்தையோட மாத்துறது, பணம் வேண்டாம், ஆணுக்கு ஆண். மாநில அரசு 2022இல் கன்றுக்கு 10,000 ரூபாய்த் திட்டம் கொண்டுவந்துச்சு, இரண்டாவது தவணை கன்று ஒரு வயசு தொட்ட பிறகுதான். பதியச் சொல்லுங்க.

லிட்டரை இந்த வருஷம் எண்ணாதீங்க. ஒரு வயசு தாண்டின பெட்டைக் கன்று எத்தனைன்னு மட்டும் எழுதி வையுங்க.

ஜெய்சல்மர்_செந்தில் | 18 பிப்ரவரி 2024

ரொம்ப நாளாச்சு, மன்னிக்கணும். நிலவரம் எழுதுறேன்.

ஆண் மாத்தியாச்சு. பார்மேர் பக்கத்து மந்தை, பெரியவரோட மைத்துனர் வழிச் சொந்தம். வந்தது நுரை தள்ளிக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, தொண்டைச் சவ்வைப் பலூன் மாதிரி வெளியே விட்டுக்கிட்டு வந்துச்சு, நான் வண்டியை விட்டே இறங்கலை. ரத்தம் எடுத்ததில் ஏழுக்குத் திபர்சா உறுதி. அளவு நாடா தையல்காரரிடம் வாங்கினோம், இரண்டு ஆள் பிடிக்க, நான் போனில் பெருக்கினேன்.

சீம்பாலுக்குப் பெரியவர் கடைசி வரை ஒத்துக்கலை. அவர் மனைவிதான், "என் பேரனுக்கு மட்டும் குடுக்கலாம், இதுக்கு ஆகாதா?"ன்னு கேட்டுட்டுத் தானே கன்றைத் தூக்கி மடியில் விட்டாங்க. அதுக்கப்புறம் பேச்சில்லை.

இதுவரைக்கும் ஈன்றது 12. உயிரோட 10, அதில் பெட்டை 6. பால் இன்னும் விற்கலை. நெடுஞ்சாலை டீக்கடைக்காரர் கேட்டிருக்கார், பெரியவர் யோசிக்கிறார்.

வளர்மதி_கால்நடை | 18 பிப்ரவரி

நல்ல சேதி. செத்த இரண்டும் எத்தனை நாள் கன்று? கழிச்சலா?

ஜெய்சல்மர்_செந்தில் | 19 பிப்ரவரி

ஒண்ணு நாலு நாள், முதல்ல பிறந்தது. அதுக்குச் சீம்பால் குடுக்கலை.

இன்னொண்ணு நல்லாத்தான் இருந்துச்சு, 19 நாள். தாயோட ரோட்டைக் கடக்கும்போது டிப்பர் அடிச்சுட்டுப் போச்சு. எங்க சைட்டுக்கு ஜல்லி ஏத்திட்டு வந்த வண்டி. தாய் இரண்டு நாள் அந்த இடத்தை விட்டு நகரலை. பாய் சொன்ன மாதிரி தோலை உரிச்சுப் பார்க்கலாமான்னு பெரியவர்கிட்ட கேட்டேன். உரிக்கிற மாதிரி இல்லைன்னார்.